எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கப் போறீங்களா? சேருவதற்கு முன்னால் ஒரு பாடம்!

"மேடம், பொண்ணு பி.காம். முடிச்சிட்டா. பேங்க் எக்ஸாம் எழுதுவான்னு நினைச்சா, 'எம்.எஸ்சி. சைக்காலஜிதான் படிப்பேன்'னு ஒத்தக் கால்ல நிக்கறா. அவங்கப்பாவுக்கு ஒரே டென்ஷன். மனசு சரியில்லாதவங்களோடயே பழகிப் பழகி இவளும் அப்படி ஆயிடுவாளோன்னு எனக்கு வேற பயம். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்!"

போன மாதம் ஒரு அம்மா என்னிடம் போனில் பேசியது இது. சைக்காலஜி சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால், ஜூன் மாதம் நெருங்கினாலே இந்த மாதிரி போன்கள் எனக்கு வரும். சில பெற்றோருக்கு அந்த அம்மாவைப் போல பயம். சிலருக்கோ நேர் எதிராக அளவு கடந்த சந்தோஷம். "ரெண்டு வருஷத்துல டாக்டர் மாதிரி போர்டு மாட்டிக்கலாமாமே!" என்பார்கள்.

பயமும் தேவையில்லை. அந்த சந்தோஷமும் அவசரப்பட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள், படித்து முடித்தவருக்கு என்ன செய்ய உரிமை உண்டு, எதற்கு உரிமை இல்லை என்பது நம் வீடுகளில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதை இப்போது பார்த்துவிடலாமா?

முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிடுவாங்களா?

சைக்காலஜி படிக்கிற பெண் கல்யாண வீட்டுக்குப் போனால் போதும். "எங்கே, என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்!" என்று நாலு பேராவது கேட்டு விடுவார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்? அது ஜோசியம். அவள் படிப்பது ஒரு விஞ்ஞானம்.

1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் ஒரு பரிசோதனைக்கூடம் தொடங்கினார். உளவியல் தனி விஞ்ஞானமாக நடக்க ஆரம்பித்தது அங்கேதான் என்று சொல்வார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-லேயே இதற்குத் தனித் துறை வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் 1943 முதல் இருக்கிறது. ஆக, இது நேற்று முளைத்த 'ஃபேஷன்' படிப்பு இல்லை!

முதுகலையின் இரண்டு வருடத்தில் என்னென்ன பாடம்? கவனம், ஞாபகம், சிந்தனை எப்படி இயங்குகின்றன என்று ஒரு பாடம். குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மனம் வளரும் விதம் ஒன்று. மூளையும் நரம்பும் ஒன்று. மனநோய்கள் பற்றி ஒன்று. மனதை அளக்கும் சோதனைகள், ஆலோசனை முறைகள், ஆராய்ச்சி முறைகள்… கூடவே புள்ளியியல்! கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை.

"கணக்கு வேண்டாம்னுதானே மேடம் இங்க வந்தேன்!" என்று முதல் வாரமே முகம் வாடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மனசைப் படிக்க கணக்கு எதற்கு? ஓர் உதாரணம் சொல்கிறேன்.

94 என்றால் பாஸா, ஃபெயிலா?

ஏழாவது படிக்கும் பையனுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கிறார்கள். 94 என்று வருகிறது. ஒரு அப்பா, "தொண்ணூத்தி நாலு பர்சென்ட்! என் பையன் புத்திசாலி!" என்று ஸ்வீட் வாங்கப் போகிறார். இன்னொரு வீட்டில் அம்மா, "நூத்துக்குக் கீழே போயிடுச்சே" என்று அழுகிறார்.

இரண்டு பேரும் தவறு!

இது நூற்றுக்கு இத்தனை என்று வாங்குகிற மார்க் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, இவன் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று பார்க்கிற கணக்கு. இன்று அதிகம் பயன்படும் சோதனைகளில், நூறு பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். அதனால் 94 என்பது சாதாரணம், வெகு சாதாரணம்.

அதோடு, சோதனை அன்றைக்குப் பையனுக்குக் காய்ச்சலா? இரவு தூங்கினானா? அவனுக்குப் பழக்கமில்லாத மொழியில் கேள்வி கேட்டார்களா? இதெல்லாம் எண்ணை ஏற்றும், இறக்கும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் எதிர்காலத்தையே சொல்லிவிடக் கூடாது என்பதை வாயால் சொன்னால் போதாது. கணக்கு போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். புள்ளியியல் பாடம் இருப்பது அதற்குத்தான்.

கண்ணே ஏமாறும்போது…

இன்னொரு பாடம். நீங்களும் செய்து பார்க்கலாம், ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். ஒரே நீளத்தில் இரண்டு கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடுங்கள். மேல் கோட்டின் இரண்டு முனையிலும் அம்பு முனை மாதிரி உள்பக்கம் மடங்கிய சிறகு வரையுங்கள். கீழ்க் கோட்டின் முனைகளில் வெளிப்பக்கம் விரிந்த சிறகு. இப்போது பாருங்கள். கீழ்க் கோடுதான் நீளம் என்று கண் சத்தியம் செய்யும்!

ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றுதான். அளந்த பிறகு மறுபடி பாருங்கள். அப்போதும் கீழ்க் கோடு நீளமாகவே தெரியும். 1889-ல் முல்லர்-லையர் என்பவர் வெளியிட்ட படம் இது. இன்றைக்கும் சைக்காலஜி லேபில் மாணவர்கள் முதலில் செய்யும் பரிசோதனைகளில் ஒன்று.

இதில் என்ன பாடம்? 'தெரிந்தால் மட்டும் போதாது' என்பதுதான். கோடு இரண்டும் சமம் என்று தெரிந்த பிறகும் கண் ஏமாறுகிறது. அதே மாதிரி, மனதைப் பற்றி நாலு புத்தகம் படித்தவரும் ஒரு மனிதரைப் பார்த்ததும் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்து ஏமாறலாம். அதனால்தான் கண்ணுக்கு ஸ்கேல் மாதிரி, படிக்கிறவருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டியிருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் மாணவி ஒருத்தியின் வீட்டிலேயே நடந்தது.

பாட்டியும் நோட்டுப் புத்தகமும்

கெட்டிக்காரப் பெண். இரண்டாவது செமஸ்டரில் மனநோய்கள் பற்றிய பாடம் தொடங்கியதும் வீட்டில் எல்லாரையும் 'டயக்னோஸ்' செய்ய ஆரம்பித்துவிட்டாள். கேஸ் சிலிண்டரை இரண்டு முறை மூடிப் பார்க்கும் அப்பாவுக்கு ஓ.சி.டி.! சட்டென்று கோபப்படும் அண்ணனுக்கு ஏதோ ஒரு டிஸ்ஆர்டர்! வீட்டில் இதை எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

ஆனால் பாட்டி விஷயம் சிரிப்பதற்கு இல்லை. எழுபது வயது. நாள் முழுக்க வாயாடுகிறவர், மெள்ள மெள்ளப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எப்போதும் அசதி, தூக்கம். டி.வி. சீரியல்கூட வேண்டாம் என்றார். சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து தேடினார். நம் மாணவி ஒரு கேள்வித்தாளை எடுத்துப் பாட்டியிடம் கேள்வி கேட்டாள், மதிப்பெண் கூட்டினாள். "பாட்டிக்கு டிப்ரஷன். நான் பார்த்துக்கறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள். தினமும் சந்தோஷமான மூன்று விஷயங்களை எழுதச் சொல்லிப் பாட்டி கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். வீட்டுக்குப் பெருமை. "நம்ம பொண்ணே பார்க்கறா, எதுக்கு வெளியில காசு கொடுக்கணும்?"

இரண்டு மாதம் போனது. பாட்டி இன்னும் சோர்ந்துபோனார். ஒருநாள் வகுப்பு முடிந்து அவளே வந்து சொன்னாள்.

"ரத்தப் பரிசோதனை ஏதாவது செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம்… இது மனசு சம்பந்தப்பட்டதுதானே?"

"முகம் உப்பின மாதிரி இருக்கா? அடிக்கடி குளிருதுன்னு சொல்றாங்களா? மலச்சிக்கல் உண்டா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கினார்கள். சில மாதங்களில் பாட்டி பழையபடி சமையல்கட்டில் நின்று மருமகளை அதட்ட ஆரம்பித்துவிட்டார்!

என் மாணவி மட்டும் என் அறையில் வந்து அழுதாள். "ரெண்டு மாசம் வீணாக்கிட்டேனே மேடம். குளிருதுன்னு அவங்க சொன்னாங்க. 'நெகட்டிவா எழுதாதீங்க பாட்டி'ன்னு நான் அடிச்சிட்டேன்."

தைராய்டு குறைவும், பி12 சத்துக் குறைவும் மனச்சோர்வு போலவே, மறதி நோய் போலவே வேஷம் போடக்கூடியவை. அதனால்தான் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், "உடம்புல காரணம் ஏதாவது இருக்கா?" என்ற கேள்வியை முதலில் கேட்டு முடிக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் அறிவுக்குக் குறைவில்லை, பாசத்துக்கும் குறைவில்லை. பாட்டி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும் பொறுமையும், "நீ அவசரப்படறே" என்று சொல்ல மேலே ஒருவரும்தான் இல்லை.

முதுகலை சைக்காலஜி சொல்லித்தர வேண்டிய மிகப் பெரிய பாடம் இதுதான்: முடிவு கட்டுவதைத் தள்ளிப் போடு. கேள். அளந்து பார். மேலே இருப்பவரிடம் காட்டு. அதற்குப் பிறகு பேசு.

யார் யார், என்ன என்ன?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாதி வீடுகளில் எல்லாருமே 'மனநல டாக்டர்'தான்! ஆனால் இவர்கள் வெவ்வேறு ஆட்கள்.

சைக்கியாட்ரிஸ்ட்: எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பு படித்தவர். இவர் டாக்டர். மாத்திரை எழுதுபவர் இவர்தான்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: மாத்திரை எழுத மாட்டார். உளவியல் சோதனைகள், பேச்சு வழி சிகிச்சைகள் இவர் வேலை. எம்.எஸ்சி.யோடு மட்டும் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவு செய்திருக்க வேண்டும்.

கவுன்சலர்: பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், கம்பெனி போன்ற இடங்களில் ஆலோசனை சொல்பவர். முதுகலை சைக்காலஜி படித்தவர்கள் பலர் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். கடுமையான மனநோய் என்று தெரிந்தால் உடனே மேலே அனுப்பத் தெரிந்திருப்பதுதான் நல்ல கவுன்சலருக்கு அடையாளம்.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. கல்லூரி விளம்பரத்தில் 'எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி' என்று போட்டிருக்கும். "பேர்லயே கிளினிக்கல் இருக்கே!" என்று லட்சக்கணக்கில் கட்டிச் சேர்த்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும், அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரமே இல்லை என்று! பட்டத்தின் பெயர் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 1992-ஆம் வருட ஆர்.சி.ஐ. சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் யார் என்பதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

சமீபத்தில் மாறியவை

அண்ணனோ அக்காவோ முன்பு படித்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். விதிகள் மாறிவிட்டன.

முன்பெல்லாம் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்து, இரண்டு வருட எம்.பில். கிளினிக்கல் சைக்காலஜி படிப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் சீட் கிடைப்பது குதிரைக் கொம்பு. எம்.பில். என்ற பட்டத்தையே யு.ஜி.சி. 2022 விதிகளில் நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. ஆகவே உங்கள் பிள்ளை சேரும் வருடத்தில் எந்தப் பட்டம், எந்தக் கல்லூரியில் அங்கீகாரத்தோடு இருக்கிறது என்பதை ஆர்.சி.ஐ. வலைத்தளத்தில் நீங்களே பார்த்துவிட வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் சொன்னதும், புரோக்கர் சொன்னதும் செல்லாது!

இரண்டாவது, அஞ்சல் வழிப் படிப்பு. வேலை பார்த்துக்கொண்டே, குழந்தை வளர்த்துக்கொண்டே சைக்காலஜி எம்.ஏ. வாங்கிய பெண்கள் நம் ஊரில் ஏராளம். ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், தொலைநிலை வழியிலும் ஆன்லைன் வழியிலும் சைக்காலஜி பட்டப் படிப்புகளுக்குப் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. கல்வி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டுவிட்டது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் இந்தப் படிப்பும் வருவதுதான் காரணம். "ஆன்லைன்லயே எம்.எஸ்சி. சைக்காலஜி, உடனே சேருங்க!" என்று யாராவது இப்போது கூப்பிட்டால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டி கதையை நினைத்துப் பாருங்கள். நேரில் ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தாமல் கற்றுக்கொள்கிற படிப்பா இது?

படித்தால் என்ன வேலை?

அந்த அப்பாவின் டென்ஷனுக்கும் பதில் சொல்ல வேண்டுமல்லவா? கிளினிக் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம்.

சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற மேல்நிலைப் பள்ளிகளில் கவுன்சலர் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. 1984-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் உண்டு. கம்பெனிகளில் ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது என்று மனிதவளப் பிரிவு இருக்கிறது. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் உளவியலாளர்களுக்கு முக்கியமான பங்கு உண்டு. நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். பிஎச்.டி. செய்யலாம்.

'அவளுக்கு என்ன வேலை பிடிக்கும்?' என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற பட்டத்தைப் பிறகு தேடலாம். பட்டத்தை வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தேடினால், பாதி வழியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பிள்ளையின் மனசு தாங்குமா?

"இவளும் அப்படி ஆயிடுவாளோ?" அந்த அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மனநோய் தொற்று நோய் இல்லை. நோயாளியிடம் பழகினால் அது ஒட்டிக்கொள்ளாது.

ஆனால் அவர் பயத்தில் ஒரு சின்ன உண்மையும் இருக்கிறது. பாடம் படிக்கப் படிக்க, எல்லா வியாதியும் தனக்கே இருப்பதாகத் தோன்றும். மருத்துவ மாணவர்களுக்கும் இது வருவதுண்டு. பெரும்பாலும் பரீட்சை முடிந்ததும் சரியாகிவிடும்! நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்பதும் லேசான காரியமில்லை. வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தூக்கமும், சிரிப்பும், சைக்காலஜி பேசாத நாலு பேரும் வேண்டும்.

இன்னொன்று. "என் பிரச்னையை நானே புரிஞ்சுக்கத்தான் இதைப் படிக்கறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அப்படிச் சொன்னால் திட்டாதீர்கள். கேலியும் செய்யாதீர்கள். கவனமாகக் கேளுங்கள். பல் வலிக்காகப் பல் டாக்டருக்குப் படிக்கப் போவார்களா? வலி இருந்தால் முதலில் வைத்தியம், அப்புறம் படிப்பு. சிகிச்சை எடுத்துக்கொண்டவர் இந்தப் படிப்பு படிக்கக் கூடாது என்றில்லை. வலியைத் தெரிந்தவர், பிற்பாடு மிகவும் பொறுமையான கேட்பவராகக் கூட ஆகலாம். ஆனால் படிப்பையே மருந்தாக நினைத்துச் சேரக் கூடாது.

கல்லூரியில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பணம் கட்டும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து போய்க் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

1. இந்தப் பட்டம் முடித்தவர் சட்டப்படி என்ன பெயர் போட்டுக்கொள்ளலாம்? ஆர்.சி.ஐ. அங்கீகாரம் உண்டென்றால், கடிதத்தைக் காட்ட முடியுமா? எந்த வருடம் வரை செல்லும்?

2. இளங்கலையில் சைக்காலஜி படிக்காதவரைச் சேர்ப்பீர்களா? சேர்த்தால், அடிப்படைப் பாடத்தை யார் சொல்லித் தருவார்கள்?

3. நேரடிப் பயிற்சி எங்கே? எத்தனை மணி நேரம்? ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் 'விசிட்' போய்விட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வருவது பயிற்சி ஆகாது!

4. பயிற்சியில் மேற்பார்வை செய்பவர் யார்? அவர் தகுதி என்ன? ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்?

5. லேபில் சோதனைக் கருவிகள் இருக்கின்றனவா? தமிழ் பேசும் மக்களுக்குத் தமிழில் சோதிக்கச் சொல்லித் தருவீர்களா?

ஐந்தாவது கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் வருகிறவர், "நெஞ்சு படபடங்குது", "மனசு பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பே இல்ல" என்றுதான் சொல்வார். அதை அப்படியே, அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர் கிடைத்தால், அந்தக் கல்லூரியை விடாதீர்கள்!

ஒரு வார வீட்டுப் பாடம்

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். சேருவதற்கு முன்னால் ஒரு வாரம், உங்கள் பிள்ளையை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

தினமும் வீட்டில் ஒருவரிடம் பத்து நிமிடம் உட்கார வேண்டும். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி. அப்புறம் கேட்பது மட்டும்தான் வேலை. அறிவுரை கிடையாது. "எனக்கும் இப்படித்தான்…" என்று நடுவில் புகுந்து தன் கதையைச் சொல்லக் கூடாது. வியாதிப் பெயர் எதுவும் வாயில் வரக் கூடாது. செல்போனைத் தொடக் கூடாது. கேட்டதை வேறு யாரிடமும், அம்மாவிடம்கூட, சொல்லக் கூடாது.

கேட்க லேசாகத்தான் இருக்கும். மூன்றாவது நாளே, "ஐயோ, என்னால முடியலை!" என்று பலர் ஓடி வருவார்கள். பரவாயில்லை. அவர்களுக்கு வேறு எத்தனையோ நல்ல படிப்புகள் இருக்கின்றன. ஏழு நாளும் உட்கார்ந்து, எட்டாவது நாளும் உட்காரத் தோன்றினால்… அந்தப் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

அந்த அம்மா பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், தினமும் என்கிட்டதான் வந்து உட்கார்ந்தா. மொத ரெண்டு நாள் சிரிப்பா இருந்துச்சு. அப்புறம்…" குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "இருபத்தி மூணு வருஷத்துல இந்த வீட்டுல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல மேடம்."

"சரி, என்ன முடிவு பண்ணினீங்க?"

"அந்த அஞ்சு கேள்வியையும் எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு காலேஜுக்குப் போறோம். அவங்கப்பாவும் வர்றாரு!"

(உங்களுக்கோ, உங்கள் வீட்டில் யாருக்கோ மனசு தாங்க முடியாத பாரமாக இருந்தால், படித்தவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி எண் 14416. 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.)